காகம் விட்டுப்போன நார்த்தங்காய்

மாமா,

காலையில் ஊறுகாய் ஜாடியைத் திறந்தேன். அடியில் ஒரே ஒரு சுருள் கிடக்கிறது, கறுத்து, உப்புப் பூத்து. மூடியை எடுத்ததும் அந்த வாசனை. நம் ஊர் நார்த்தங்காய்க்கு அந்த வாசனை கிடையாது, உங்களுக்கே தெரியும். அடுப்படி வாசலில் யாரோ வந்து நின்ற மாதிரி இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் நீங்கள் போய்விடுகிறீர்கள்.

நேற்று உங்களுக்கு முதல் தெவசம். அப்போது நடந்ததை உங்களிடம்தான் சொல்ல முடியும்.

உலகச் சண்டைக் காலத்தில் நீங்கள் கப்பலில் சமையல் வேலைக்குப் போய், நடுவில் ஒரே ஒரு தரம் வீட்டுக்கு வந்தீர்கள். அது மார்கழி. ஆருத்ராவுக்கு என்னைச் சிதம்பரம் கூட்டிப்போனீர்கள். ஓல்ட் டவுன் ஸ்டேஷனில் ரயில் ஏறியது முதல் ஒரே பேச்சுதான். இஸ்பெயின் தேசத்தில் கப்பல் ரிப்பேருக்கு நின்றபோது, குன்றின்மேல் ஏறிப் போய்ப் பார்த்த ஒரு சின்ன ஊர். அதன் பேரைத் திருப்பித் திருப்பிச் சொன்னீர்கள். என் வாயில் நுழையவில்லை. "பேரு கெடக்குது வுடு. ஊரைக் கேளு" என்றீர்கள்.

கீழ வீதியில் தேருக்காக நின்றுகொண்டிருந்தோம். கூட்டத்தில் நான் தொலைந்துவிடாமல் என் முந்தானையைக் கையில் பிடித்திருந்தீர்கள்.

"இந்த வீதியில கால்வாசி கூட இருக்காது அந்த ஊரு தெரு. எதிர்ல ஆளு வந்தா செவுத்தோட ஒட்டிக்கணும். கீழ பூரா கல்லு பாவியிருக்குது. ராசா காலத்துக் கோட்டை ஒண்ணு இடிஞ்சி நிக்குது. வூடெல்லாம் வெள்ளையடிச்சி, கண்ணு கூசும்."

"அத்தினி சின்ன தெருவுல தேரு எப்பிடிப் போவும்?"

"தேரு ஏது? அவுங்க கோயில்ல ஒரு அம்மன் இருக்குது. கறுப்புப் பட்டு கட்டி, கன்னத்துல கண்ணாடியில கண்ணீரு வெச்சிருக்காங்க. தோள்லயே தூக்கினு வருவாங்களாம்."

"அம்மனுக்கு எதுக்குக் கண்ணீரு?"

"புள்ளையப் பறிகுடுத்தவளாம்."

என் முகத்தைப் பார்த்துப் பேச்சை மாற்றினீர்கள்.

"தெருவுக்கு ரெண்டு பக்கமும் நார்த்த மரம். பழம் உதுந்து உருண்டு கெடக்குது. ஒருத்தனும் தொட மாட்டறான். கசக்குதாம். ஊறுகா போடத் தெரியாத ஜனம்."

"ரெண்டு பொறுக்கினு வரவேண்டியதுதான?"

"பொறுக்காமயா வந்தேன்? கோயில் படியில குந்திக்கினு சுருள் சுருளா அரிஞ்சேன். ஊரே நின்னு சிரிச்சிது. ஒரு பொம்பள மட்டும் சிரிக்கல. கறுப்புத் துணி கட்டினவ. உள்ள போயி ஒரு மொறம் கல்லுப்பு கொண்டாந்து வெச்சா."

அவள் உங்களை வீட்டுக்குள் கூப்பிட்டுச் சாப்பிட உட்காரச் சொன்னாள். மேசையில் ஏற்கெனவே ஒரு தட்டு இருந்தது. நீங்கள் அங்கே உட்காரப் போக, கையைப் பிடித்து வேறு பக்கம் உட்கார வைத்தாள்.

"அது அவ புருசன் தட்டாம், படத்தக் காட்டி சாடையில சொன்னா. அவுங்க ஊரு சண்டைல போனவன். பொணம் வரல. டெய்லி தட்டு வெக்கறா, எடுக்கறா."

"எத்தினி வருசமா?"

"கேக்கறதுக்கு பாஷை தெரியலியே."

"பைத்தியமா அவ?"

"தெரியல புள்ள. சூப்பு சூடா இருந்திச்சி."

தேர் வந்துவிட்டது. நாம் கும்பிட்டோம்.

கிளம்புகிற அன்றைக்கு அந்த நார்த்தங்காய் ஊறிய ஜாடியை என் கையில் கொடுத்தீர்கள். "அடியில ஒரு சுருளாவது வெச்சிரு. வந்து பழைய சோத்துக்குத் தொட்டுக்கறேன்" என்றீர்கள்.

கப்பல் மூழ்கிவிட்டது என்று பிறகு சேதி வந்தது. ஆள் கிடைக்கவில்லையாம். கிடைக்கவில்லை என்றால் எங்காவது கரையேறியிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றியது. எங்கே என்பதிலும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. நான் பார்த்தே இராத அந்த ஊருக்குள் நடக்க ஆரம்பித்தேன். பாத்திரம் தேய்க்கும்போது நடப்பேன், களத்தில் நெல் துழாவும்போது நடப்பேன். வெள்ளைச் சுவர், காலடியில் உருளும் பழம். முன்னால் கூடையோடு நீங்கள் போவீர்கள். அந்த வீட்டு வாசலில் நுழைவீர்கள். தட்டு வைக்கிறவள் நிமிர்ந்தால் முகம் என்னுடையதாக இருக்கும்.

ஜாடியில் அப்போது ஒரு சுருள்தான் மிச்சம். அதன்பிறகு கை வைக்கவில்லை.

உங்கள் தம்பி பொறுத்துத்தான் பார்த்தார். "அண்ணி, சண்டையே முடிஞ்சி போச்சி. காரியம் பண்ணாத வூடுன்னு எனக்குப் பொண்ணு குடுக்க மாட்டறாங்க. அண்ணனும் எத்தினி நாளு அலைவாரு?" என்றார். அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் நான் சம்மதித்தேன். கெடிலக் கரையில் தர்ப்பையால் ஆள் செய்து, உங்கள் சட்டையைப் போர்த்திக் கொளுத்தினார்கள். எனக்குச் செய்கிறதையும் செய்தார்கள். உங்கள் சீப்பு, செருப்பு எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தேன். ஜாடியைப் பற்றி மூச்சு விடவில்லை.

அதற்கு வருசம் திரும்பி, நேற்று படையல் போட்டுப் பின்பக்கத்துச் சுவரில் காகத்துக்குச் சோறு வைத்தோம். முருங்கையில் ஒரு காகம் இருந்தது. பார்த்ததே தவிர இறங்கவில்லை. உங்கள் தம்பி "கா, கா" என்று தொண்டை வறளக் கூப்பிட்டார். அவர் கட்டிக்கொண்டு வந்த பெண் என் காதோரம் வந்து, "மூத்தாருக்கு எதுலயோ கொறை இருக்குதுக்கா. எதுனா வெக்காம வுட்டுட்டமா?" என்றாள்.

எனக்குத் தெரியும் என்ன குறை என்று. அதை வைத்து, அந்தக் காகம் இறங்கி வந்து தின்றுவிட்டால் நீங்கள் செத்தது நிஜம். வைக்காவிட்டால், வந்திருப்பது நீங்களாக இருந்தால், பசியோடு திரும்பிப் போவீர்கள். வெயில் ஏறிவிட்டது. வீட்டில் ஒருத்தரும் இன்னும் சாப்பிடவில்லை. உள்ளே போய் ஜாடியைக் கவிழ்த்து, அந்தச் சுருளைச் சோற்றின்மேல் வைத்தேன்.

காகம் இறங்கியது. வடையைக் கொத்தியது. சோற்றைத் தின்றது. நார்த்தங்காயை அலகால் தூக்கி ஓரமாகப் போட்டது. ஒரு தரம் என்னைப் பார்த்துவிட்டுப் பறந்துபோய்விட்டது.

"அண்ணன் வந்துட்டுப் போயிட்டாரு அண்ணி" என்று உங்கள் தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அத மட்டும் தின்னல பாரு. கசக்குது போல" என்றாள் அவள்.

எல்லோரும் சாப்பிட உள்ளே போனதும் அதை எடுத்தேன். காகத்தின் எச்சில், எடுக்கக் கூடாது. துடைத்து ஜாடியில் போட்டு மூடினேன்.

வந்தது நீங்கள் என்றால், அதை எனக்கென்று விட்டுப் போயிருக்கிறீர்கள். வெறும் காகம்தான் என்றால், உங்கள் பழைய சோற்றுக்கு அது இன்னும் இருக்கிறது. எது என்று யாரிடமும் கேட்கப் போவதில்லை.

அந்த ஊர்ப் பெண்ணைக் கேட்கப் பாஷை தெரியவில்லை என்றீர்களே. எனக்கு அவள் பாஷை தெரிகிறது, மாமா.