எட்டாம் நம்பர் சட்டைக்காரிக்கு

அன்பு மகள் டார்லினுக்கு, அம்மா தங்கபுஷ்பம் எழுதுவது. கர்த்தருடைய கிருபையில் நான், உன் அப்பா, அண்ணன் ஜெபஸ்டின், மதினி, பேத்தி ரீபா எல்லோரும் நல்ல சுகத்தோடு இருக்கிறோம், என் வலது கால் முட்டு மட்டும் சுகமில்லை, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். நீயும் அந்தக் குரோஷியா தேசத்தில் இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டும். குளிர் விட்டுவிட்டது என்று சொன்னாய், நான் நம்பவில்லை, சனிக்கிழமை ஆட்டத்தில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் கோட்டு மாட்டியிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. பாபநாசம் அணையில் தண்ணீர் அடிமட்டத்தில் கிடக்கிறதாம், ஜூன் மாதம் கார் நெல் நடவுக்குத் திறப்பார்களா என்று உன் அப்பா காலையும் மாலையும் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இருக்கட்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எழுத்து கோணல்மாணலாக இருக்கும், ஆனாலும் இதை எழுதித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் போனை எடுத்தால் எனக்கு ஏச்சு மட்டும்தான் வருகிறது. ஜெபஸ்டின் இதைப் பக்கம் பக்கமாகப் போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவான். வெள்ளிக்கிழமைக்குள் நீ அந்த இரண்டு ஃபுட்பால் கிளப்பில் ஒன்றுக்குக் கையெழுத்துப் போட வேண்டும் என்றாயே, அதற்குள் இது உன் கையில் கிடைத்துவிட வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை போனில் நான் சொன்னது உனக்கு மறந்திருக்காது, எனக்கும் மறக்கவில்லை. இப்போது இருக்கிற கிளப் இன்னும் இரண்டு வருஷம் இதே நடுவிடத்தில் வைத்துக்கொள்கிறேன் என்கிறது, தலைநகரத்துப் பெரிய கிளப் அதிகச் சம்பளம் தருகிறேன், ஆனால் முன்வரிசையில் நின்று கோல் போட வேண்டும் என்கிறது, என்ன செய்யட்டும் அம்மா என்று கேட்டாய். நான் யோசிக்கவே இல்லை. முன்னால போய் நில்லுட்டி, உனக்கு ரோசமே கிடையாதா, ஊரெல்லாம் கோல் போட்டவ பேரத்தான சொல்லுதான், நீ எத்தனை நாளைக்குப் பின்னால நின்னு அடுத்தவளுக்குப் பந்து பொறுக்கிக் குடுப்ப என்று கத்தினேன். எனக்கு நடுவுல நிக்கத்தாம்மா பிடிச்சிருக்கு என்று பைய ஒரு வார்த்தை சொன்னாய், அதற்கும் ஏசினேன், நீ வைத்துவிட்டாய்.

நான் எதற்காக அப்படிக் கத்தினேன் என்றும் உனக்குத் தெரியும். உன் ஸ்கூல் பி.டி. வாத்தியார் தேவசிகாமணி சார் பேரில் உள்ள கோபம். உனக்குப் பன்னிரண்டு வயது, பாளையங்கோட்டை மைதானத்தில் மாவட்டப் போட்டி, ஜூலை மாதம் இரண்டாவது வியாழக்கிழமை, நான் நீலக் கட்டம் போட்ட சேலை கட்டி அம்பாசமுத்திரம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். அதுவரைக்கும் முன்னால் நின்று கோலாகப் போட்டுக்கொண்டிருந்த பிள்ளை அன்றைக்கு நடுவில் நிற்கிறாய், முன்னால் யார் என்று பார்த்தால் அரிசி ஆலைக்காரர் மகள் விஜயஸ்ரீ. எனக்கு வந்ததே கோபம். மறுநாள் ஸ்கூல் கேட்டில் அத்தனை பிள்ளைகள் முன்னாலும் சாரை நிறுத்தி, நீரெல்லாம் ஒரு பி.டி. வாத்தியாரா, ஆலைக்காரன் வீட்டு அரிசி அவ்வளவு ருசியா இருக்கோ என்று கேட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை, விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார். பேசாததால் குற்றம் உள்ளவர்தான் என்று நினைத்தேன். அன்றிலிருந்து பதினான்கு வருஷம் அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. கோயிலில் அவர் இந்தப் பக்கம் உட்கார்ந்தால் நான் அந்தப் பக்கம். அவர் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார், நான் உள்ளே இருந்துகொண்டே ஆள் இல்லை என்று சொல்லச் சொன்னேன். கோயில் அசன விருந்தன்றைக்கு அவர் சோற்று வாளியோடு பந்தியில் வருவார், எனக்கு நேராக வரும்போது இலையைக் கையால் மூடிக்கொள்வேன், அடுத்த வாளிக்காரன் வருகிற வரைக்கும் காத்திருப்பேன். ஒரு வருஷம் சோறு தீர்ந்தே போனது, வெறும் சாம்பாரோடு எழுந்து வந்தேன்.

அதற்குப் பிறகு நீ போகாத இடம் இல்லை. பதினேழு வயதுக்குள் தமிழ்நாட்டு அணி, சென்னை கிளப், கேரளாவில் மூன்று வருஷம், கால் எலும்பில் விரிசல் விழுந்து ஏழு மாதம் வீட்டில் கிடந்தது, பிறகு இந்திய முகாம், பிறகு விமானம் ஏறியது. எல்லாவற்றுக்கும் நான் முழங்காலில் நின்று ஜெபித்தேன், ஆனால் ஆட்டம் முடிந்து நீ போன் பண்ணினால் முதல் கேள்வியாக என்ன கேட்டேன்? கோல் போட்டியா? இல்லம்மா என்பாய். சரி வச்சிரு என்பேன். கேரளாவில் நீங்கள் கோப்பை வாங்கினபோது பேப்பரில் கோல் போட்ட இரண்டு பேர் படம்தான் வந்தது, அந்தப் பேப்பரை அன்றைக்கே நிறுத்திவிட்டு வேறு பேப்பர் போடச் சொன்னேன். இதெல்லாம் உனக்காகப் பிடித்த கோபம் என்றுதான் நினைத்திருந்தேன் மகளே.

இப்போது சனிக்கிழமைக்கு வருகிறேன். கோப்பையின் அரையிறுதி என்று வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் சபை மண்டபத்துச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டிப் புரொஜெக்டர் வைத்துவிட்டார்கள். சாயங்காலம் ஆறரைக்கு ஆட்டம், ஆறு மணிக்கே மண்டபம் நிறைந்துவிட்டது. நான் போகும்போது ஒரே ஒரு நாற்காலிதான் காலி, அதற்குப் பக்கத்தில் தேவசிகாமணி சார். நான் உட்காருவேனா? தூணில் சாய்ந்துகொண்டு நின்றே பார்த்தேன். இதுவரைக்கும் ஜெபஸ்டின் போனில் உள்ளங்கை அளவுக்கு எறும்பு ஊர்கிறது போலப் பார்த்ததுதான், இப்போது நீ ஆள் உயரத்துக்கு ஓடுகிறாய், நெற்றி வியர்வை தெரிகிறது. மெலிந்திருக்கிறாய். ஆனால் அரை மணி நேரத்தில் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது, உன்னிடம் பந்து வந்த உடனே அடுத்தவளிடம் தள்ளிவிடுகிறாய், ஒரு நிமிஷம் கூட வைத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாய். இடைவேளையில் முட்டு விட்டுப்போய்விட்டது. வேறு வழியில்லை, அந்த நாற்காலியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன்.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு. பார்த்துட்டா. இந்தா, இப்பம் இடது பக்கம். இப்பம் வலது. பார்த்துட்டா. யாரிடம் பேசுகிறார் என்று ஓரக்கண்ணால் பார்த்தேன், சுவரைப் பார்த்து அவருக்கு அவரே சொல்லிக்கொள்கிறார். அதற்குப் பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. பந்து உன்னிடம் வருவதற்கு முன்னாலேயே நீ இரண்டு தோளுக்கும் மேலே திரும்பிப் பின்னால் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துவிடுகிறாய். ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு தடவையும். அப்படியே விடாமல் உன்னையே பார்த்தேன், பந்தைப் பார்க்கவில்லை. யாருக்கு நெருக்கடி வந்தாலும் உன் பக்கம்தான் தலையைத் தூக்குகிறார்கள், கோல்காப்பவள் முதற்கொண்டு. கல்யாண வீட்டில் வெற்றிலை வேண்டுமா, ஜமுக்காளம் வேண்டுமா, எதற்கும் சாவி வைத்திருக்கிற ஒருத்தியைத்தானே எல்லோரும் தேடுவார்கள், அவள் இல்லையென்றால் மாப்பிள்ளைக்குக்கூடக் காப்பி கிடைக்காதே, அந்த மாதிரி மகளே அந்த மாதிரி! சின்ன வயதில் கோயிலில் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாய் என்று ஜெப நேரத்தில் உன் தொடையில் நான் கிள்ளாத நாள் இல்லை. அந்தக் கிள்ளுக்கெல்லாம் நீ பணியாமல் போனாயே, நல்லவேளை.

ஒன்றுக்கு ஒன்று, பன்னிரண்டு நிமிஷம்தான் பாக்கி. அப்போது பின்னாலிருந்து பந்து வந்தது. நீ இடது பார்த்தாய், வலது பார்த்தாய், கதவு மாதிரி ஒருத்தி உன் முதுகைப் பார்த்து ஓடி வருகிறாள். நீ பந்தைத் தொடவே இல்லை. உடம்பை மட்டும் திருப்பி அதை உருள விட்டாய், கதவு வெறுங்காற்றில் மோதிக்கொண்டு போனது, நீ அந்தப் பக்கம் நிற்கிறாய், அடுத்த நொடி இரண்டு பேருக்கு நடுவில் நூல் பிடித்தது போல ஒரு தட்டு. வெள்ளை முடிக்காரி ஓடி வந்து அடித்தாள், கோல்! மண்டபம் முழுக்க ஒன்பதாம் நம்பர் ஒன்பதாம் நம்பர் என்று கத்துகிறது, அங்கே உன் கூட்டாளிகளும் அவள் மேல் போய் விழுகிறார்கள், நீ மட்டும் நின்ற இடத்தில் குனிந்து காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்கிறாய். எனக்குத் தாங்கவில்லை. நாற்காலி பின்னால் விழ எழுந்து, ஏலே கூறுகெட்ட பயலுகளா, அது என் மக குடுத்ததுலே, எட்டாம் நம்பர் குடுத்தது என்று போட்டேன் ஒரு சத்தம். சபைப் போதகர் ஐயர் முன்வரிசையில் இருந்தார், அவரும் சேர்ந்துதான் பயலாகிவிட்டார்.

அப்போதுதான் பக்கத்தில் இருந்து தேவசிகாமணி சார், இதைப் பார்க்க ஒங்களுக்குப் பதினாலு வருசம் ஆயிருக்கு என்றார். நான் சும்மா இருப்பேனா? அப்பம் அன்னைக்கே ஸ்கூல் கேட்டு வாசல்ல வாயத் தொறந்து சொல்லிருக்கலாமே, விஜயஸ்ரீக்காகத்தான என் பிள்ளையப் பின்னால தள்ளினீரு என்றேன். அவர் விழுந்த நாற்காலியை நிமிர்த்திப் போட்டுவிட்டுச் சொன்னார், நான் தள்ளலம்மா, அவளேதான் வந்து கேட்டா. முன்னால நின்னா பந்துக்குக் காத்துக் கெடக்கணும் சார், நடுவுல விடுங்க, எனக்கு எல்லாரையும் பார்க்கணும்னா. அம்மாட்ட மட்டும் சொல்லிராதீங்க, என்னையக் கொன்னுருவாவன்னு அழுதா. பிள்ளைக்கு வாக்குக் குடுத்துட்டேன், பெறகு எப்படிச் சொல்ல?

அப்பம் இன்னைக்கு மட்டும் ஏன் சொன்னீரு என்று கேட்டேன். இன்னைக்கு நீங்க சிரிச்சிக்கிட்டுல்லா இருக்கிய, கொல்லுத மொகமா இல்லையே என்றார். வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னால் அவர் நுங்கு சீவிக்கொண்டே, எனக்குத் தெரியும்ட்டி என்கிறார்! ஜெபஸ்டினுக்கும் தெரியுமாம்! எல்லோரும் சேர்ந்து என் ஒருத்திக்குப் பயந்து வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். உன் அப்பாவுக்கு இரண்டு நாளாகக் காப்பி கிடையாது. சாரிடம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நானாகப் போய், மகள் எந்த ஊரில் இருக்கிறாள், பிள்ளைகள் எத்தனை என்று கேட்டேன், எனக்கு அவ்வளவுதான் வரும், அவருக்குப் புரிந்தது. ஆலைக்காரர் விஷயம் வேறு, அவர் பேரில் வேறு கோபங்கள் இருக்கின்றன, அவை அப்படியேதான் இருக்கும்.

ஆனால் டார்லின், இரண்டு நாளாக நான் ஒன்றை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். பன்னிரண்டு வயதிலேயே உன் இடம் எது என்று உனக்குத் தெரிந்திருந்தது. அதை வாத்தியாரிடம் அழுது கேட்க முடிந்தது, என்னிடம் சொல்ல முடியவில்லை. இப்போது இருபத்தாறு வயதில் அதையே நீ பைய என்னிடம் சொன்னாய், நான் காதைப் பொத்திக்கொண்டேன். நான் கொடுத்த வார்த்தையைத் திரும்ப வாங்குகிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும், செவ்வாய்க்கிழமை சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அந்தப் பெரிய கிளப்புக்கு எனக்காகப் போகாதே. ஊர் உன் பேரைச் சொல்ல வேண்டும் என்பதற்காகவும் போகாதே, இங்கே எட்டாம் நம்பர் பேரைச் சொல்லாதவன் யார் என்று நான் பார்த்துக்கொள்கிறேன். இனிமேல் கோல் போட்டியா என்று கேட்கவும் மாட்டேன், எத்தனை தடவை திரும்பிப் பார்த்தாய் என்றுதான் கேட்பேன்.

ரீபா உன் சட்டை மாதிரி ஒன்று கேட்கிறாள், வாங்கினால் ஒரு அளவு பெரிதாக வாங்கு. நல்லெண்ணெய் தீர்ந்துவிட்டதா என்று எழுது. நேரத்துக்குச் சாப்பிடு, எலும்பு விரிந்த காலை ஈரத்தில் வைக்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, இறுதி ஆட்டத்தில் உன் கண்ணுக்கும் காலுக்கும் பெலன் தருவாராக. ஒன்றை மட்டும் மறக்காதே. வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எனக்குப் போன் பண்ணி, எந்த இடம் வேண்டும் என்பதை நீயே உன் வாயால் என்னிடம் சொல்ல வேண்டும், அண்ணன் மூலமாக இல்லை, அப்பா மூலமாக இல்லை. ஒருவேளை பழக்கத்தில் நான் ஏசினாலும் ஏசுவேன். போனை வைத்துவிடாதே, நான் ஏசி முடிக்கிற வரைக்கும் பொறுத்திருந்து மறுபடியும் அதையே சத்தமாகச் சொல்லு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
தே. தங்கபுஷ்பம்