போட்டேன் என்பதற்குப் போடு

அன்புள்ள அப்பாவுக்கு சுவேதா வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? பாகூர்ப் பக்கம் மழை உண்டா? அயர்லாந்தில் நான் சுகம்தான்.

ஞாயிற்றுக்கிழமை போனில், "இன்னா பாப்பா, கொரலு ஒரு மாதிரியா இருக்கு?" என்று கேட்டீர்கள். சளி என்றேன். அது பொய் அப்பா.

இந்த முதியோர் இல்லத்தில் பணி முடிக்கும் நர்சு, அடுத்தவளுக்கு நோட்டில் ஆங்கிலத்தில் எழுதிவைக்க வேண்டும். மார்கரெட் அம்மாவுக்குச் சர்க்கரை ஊசி போட்டுவிட்டு, 'கேவ்' என்பதற்குப் பதில் 'கிவ்' என்று எழுதிவிட்டேன். போட்டேன் என்பது போடு என்றாகிவிட்டது. அடுத்து வந்தவள் மறுபடியும் போட்டாள். அந்த அம்மா மயங்கிவிட்டார். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து வந்தார்.

யாரும் திட்டவில்லை. ஆனால் மருந்தைத் தொட விடுவதில்லை. ஆங்கில வகுப்பில் சேர்த்திருக்கிறார்கள். மாதக் கடைசியில் பரீட்சை, தேறாவிட்டால் வேலை இல்லை.

நேற்று மார்கரெட் அம்மா என் கையைப் பிடித்து, "உன்னைக் காணாமல் தேடினேன்" என்றார். நடந்தது அவருக்குத் தெரியாது.

தம்பியின் பழைய ஆங்கில இலக்கணப் புத்தகம், தமிழில் விளக்கம் போட்டது, பரணில் இருக்கும். அனுப்புங்கள். கூடவே கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாய்.

நடந்ததை மார்கரெட் அம்மாவிடம் நானே சொல்லிவிடுவது என்றிருக்கிறேன். அதற்கான நாலு வரியைத்தான் ஆங்கிலத்தில் எழுதி எழுதி அடிக்கிறேன். வகுப்புக்கு நேரமாகிவிட்டது. இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதீர்கள்.

உங்கள் மகள்
சுவேதா