கும்தெரின் கிளப்பில் அன்று இருந்தவர்கள்

அக்டோபர் 3, செவ்வாய்

மதிப்பிற்குரிய நாட்குறிப்பே, வணக்கம். பத்தொன்பது நாட்களாகத் தங்களைத் திறவாமல் மேசை இழுப்பறைக்குள் கிடத்தி வைத்தமைக்கு முதற்கண் மன்னிப்புக் கோருகிறேன். காரணம் சோம்பல் அன்று. பிறருடைய பொய்களைப் படித்துக்கொண்டிருந்தேன்.

வெட் ஸ்லேட் இசைக்குழு, உலகம் அதன் பெயரை அறிவதற்கு ஓராண்டு முன்பு, 1996இன் இலையுதிர் காலத்தில் வேல்ஸின் பதினொரு சிற்றூர்களில் வாசித்தது. ரக்பி கிளப், தேவாலயத்தின் பின்கூடம், தீயணைப்பு நிலையத்தின் மாடி என்று கூரை உள்ள இடமெல்லாம் மேடைதான். சில கூரைகள் ஒழுகின. அந்தப் பயணத்தைப் பற்றிய ரசிகர்களின் நினைவுகளைத் திரட்டி நூலாக்குவதென எங்கள் ரசிகர் மன்றம் தீர்மானித்து, தொகுப்பாசிரியராக என்னை நியமித்தது. பதினாறு வயதில் பள்ளியை நீங்கி, பகலில் லாண்டரியில் ஊராரின் போர்வைகளை வெளுத்து, மாலையில் நூலகத்தின் அலமாரிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்து முடித்தவள் நான். மன்றத்தில் அரைப்புள்ளி இடத் தெரிந்தவர் வேறு எவரும் இலர்.

எங்கள் ஊரான கும்தெரினில் அவர்கள் வாசித்தது நவம்பர் 15, தொழிலாளர் கிளப்பின் மேல்மாடியில். அக்கூடத்தில் நூற்றிருபது பேர் நிற்கலாம், ஒருவரும் மூச்சு விடாதிருந்தால். "நான் அங்கிருந்தேன்" என்று இதுவரை எனக்கு எழுதியிருப்போர் இருநூற்றுப் பதினான்கு பேர். ஒருவர் மேடையைச் சூழ்ந்த பச்சை லேசர் ஒளியை வருணிக்கிறார். இருந்தது ஒரே பல்பு. அதுவும் கழிவறைக்கு வழி காட்டுவதற்காக. இன்னொருவர் வெயிலில் வரிசையில் நின்றதால் தோல் உரிந்ததாம். நவம்பரில், கும்தெரினில்! மூன்றாமவர் தம் பிறந்த ஆண்டைத் தாமே குறிப்பிட்டிருக்கிறார்: 1995. முன்வரிசையில் தவழ்ந்தார் போலும்.

நூலின் முதற் கட்டுரை என்னுடையது. 'ஒன்பது நாற்பது பேருந்து' பாடலை அவர்கள் முதன்முதலாக மேடையேற்றிய அக்கணத்தை எழுதியிருக்கிறேன்; முன்வரிசையில் என் கன்னங்கள் நனைந்ததையும். இவ்வூரில் லாண்டரிக்காரி என்பதற்கு மேலாக எனக்கு ஒரு மதிப்பு உண்டென்றால், அந்த ஒரு பாடலை முதலில் கேட்டவள் என்பதால் வந்ததே. அதை எவரும் லேசரால் மங்கச் செய்ய விடமாட்டேன்.

அக்டோபர் 5, வியாழன்

இருநூற்று முப்பத்தொன்று. கூடம் பெருகிக்கொண்டே போகிறது.

அக்டோபர் 9, திங்கள்

மன்றக் கூட்டம், அதே கிளப்பின் கீழறையில். தலைவர் ஹெவின் தட்பால் ஓய்வு பெற்ற தபால்காரர். முப்பதாண்டு ஊரார் கடிதங்களைச் சுமந்தும் தாம் ஒன்று எழுதக் கற்காதவர்.

"இதுல எவன் வந்தவன், எவன் கதை விடறவன்னு எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?" என்றார்.

நான் எழுந்து நின்று தீர்வை முன்மொழிந்தேன். இந்தக் கிளப்பில் கையெழுத்திடாமல் எவரும் படியேற முடியாது. கச்சேரி நாட்களில் உறுப்பினர்கள் வாசற்புத்தகத்தில் கையொப்பமிட வேண்டும். உறுப்பினரல்லாதாரைத் தம் பெயருக்கு எதிரே எழுதித்தான் அழைத்துச் செல்ல வேண்டும். ஆகவே அன்றைய புத்தகத்தில் பெயர் உள்ளோரின் நினைவு அச்சேறும். இல்லாதோருடையது திரும்பிப் போகும்.

"அந்தப் பொஸ்தகம் கிறிஸ்துமஸ் மரத்துப் பெட்டியில கெடக்கும். எலி தின்னது போக மிச்சம் இருக்கும்."

"எஞ்சியது போதும்."

"விதி எல்லாருக்குந்தானே, டீச்சரம்மா?" பிறரைத் திருத்துவதற்காக அவர் எனக்கு இட்ட பட்டப்பெயர் அது.

"விதி என்றால் எல்லோருக்கும்தான்" என்றேன். அதைத் தீர்மானப் புத்தகத்தில் என் கையாலேயே பதிவு செய்தேன்.

அக்டோபர் 12, வியாழன்

புத்தகம் கிடைத்துவிட்டது. ஹெவின் அதிலுள்ள பெயர்களை மட்டும் தட்டச்சு செய்து தந்திருக்கிறார். எண்பத்து மூன்று. வடிகட்டும் பணி இனிதே தொடங்கியது.

தபாலில் இன்று என் பழைய தோழி டிலிஸ் பார்ஃபிட் எழுதிய நினைவும் வந்தது. பதினோராண்டாக நாங்கள் பேசுவதில்லை. அவள் தந்தை ஐவர் பார்ஃபிட்டின் இறுதிச் சடங்கில், அவர் சுரங்கத்தில் சேர்ந்த ஆண்டை அவள் தவறாகச் சொன்னாள். நான் எழுந்து திருத்தினேன். உண்மைக்கு இடம் பொருள் பார்க்கக் கூடுமோ? அவள் பார்த்தாள். ஊரைவிட்டே ஸ்வான்சி நகருக்குப் போய்விட்டாள்.

அவள் எழுத்து, பேசுவது போலவே இருக்கிறது. காற்புள்ளிகள் மழைத்துளிபோல் விழுந்த இடத்தில் கிடக்கின்றன. ஒரு பகுதியை இங்கே எடுத்தெழுதுகிறேன், சான்றுக்காக:

"பாதிக் கச்சேரியில கமிட்டிக்காரர் மேடையேறி மைக்கைப் புடுங்கி, 'கறி உருண்டையும் பட்டாணியும் வந்தாச்சு, ஆறிப்போனா என்னைக் கேக்கக் கூடாது'ன்னார். பாதிக் கூட்டம் ஓடிப்போச்சு. அந்தக் கோவத்துலதான் அவங்க ஒன்பது நாற்பது பேருந்த எடுத்தாங்க. மைர் அதைக் கேக்கவே இல்ல. கீழ உருண்டை வரிசைல நின்னா. பாட்டு முடிஞ்சப்புறம் ரெண்டு தட்டோட வந்து 'என்ன ஆச்சு?'ன்னா."

உருண்டை வரிசையில்! நான்! எழுதியது பொறாமை, எழுத்தில் தெரிகிறது. இன்னும் அரைப்பக்கம் இருந்தது. படிக்கவில்லை.

பட்டியலைப் பார்த்தேன். டிலிஸ் பார்ஃபிட் என்ற பெயர் இல்லை. என் பெயரைத் தேடும் அவசியம் எனக்கு ஏற்படவில்லை.

பதில்: "தங்கள் பெயர் ஆவணத்தில் காணப்படாமையால், தங்கள் நினைவு கற்பனை எனக் கொள்ளப்படுகிறது. கற்பனை வளம் பாராட்டுக்குரியது. தொடர்ந்து எழுதி வருக."

அக்டோபர் 13, வெள்ளி

தபாலில் சேர்த்தேன். நன்கு உறங்கினேன்.

அக்டோபர் 18, புதன்

நிராகரிப்புக் கடிதங்கள் ஊரில் வேலை செய்யத் தொடங்கிவிட்டன. இறைச்சிக் கடை எல்வெட், இடுப்பில் கட்டிய ஏப்ரனோடு லாண்டரிக்குள் நுழைந்தார்.

"நான் அங்க இல்லன்னு சொல்ல நீ யாரு? இந்தா, இந்தப் பல்லு ஒடஞ்சதே அன்னைக்குத்தான்! கிட்டார்காரன் காலு பட்டு!"

துணி எடுக்க வந்திருந்த அவர் மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது என் தம்பி கல்யாணத்துல. படியில உருண்ட."

"நீ சும்மா இரு!"

"அன்னைக்கு வீட்ல படுத்து டிவி பாத்துக்கிட்டிருந்த மனுஷன். காலுக்கு வெந்நீர் ஒத்தடம் குடுத்தவ நான். அதையும் பொஸ்தகத்துல போடுங்க, மைர்."

எல்வெட் சுழலும் சலவை இயந்திரத்தின் பக்கம் திரும்பினார். பிறகு, "ஆனா எனக்கு நல்லா ஞாபகம் இருக்கே" என்றார், மிகத் தாழ்ந்த குரலில். நான் சிரித்தேன். அவர் போன பிறகும் சிரித்தேன்.

அக்டோபர் 23, திங்கள்

ஹெவின் வந்தார். கையில் அவர் சுட்ட வெல்ஷ் கேக் டப்பா. யாரேனும் இறந்தாலொழிய அவர் சுடுவதில்லை.

"மைர், உக்காரு."

"நின்றுகொண்டே கேட்கிறேன்."

"கட்டுரையெல்லாம் அச்சுக்குக் குடுக்குமுன்ன ஒரு தடவ பட்டியலோட ஒத்துப் பாத்தேன். விதி எல்லாருக்கும்னு நீதான எழுதுன. அதான்..." கேக்கை என் பக்கம் தள்ளினார். "உன் பேரும் இல்ல, கண்ணு."

நான் அவருக்குத் தட்டச்சு தெரியாது என்றேன். கண்பார்வை சரியில்லை என்றேன். எலி தின்றிருக்கும் என்றேன். எல்லாவற்றுக்கும் அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார் — அதுதான் தாங்கவில்லை. நான் அங்க இருந்தேன். இருந்தேனே! யாரக் கேட்டாலும் சொல்லுவாங்களே. யாரு சொல்லுவா? யாரு?

அக்டோபர் 24, செவ்வாய்

கிளப்புக்குப் போய்ப் புத்தகத்தை நானே பார்த்தேன். மூன்று பக்கங்கள், எலி தொடவில்லை, ஹெவினின் தட்டச்சிலும் பிழையில்லை. எண்பத்து மூன்று பெயர்கள்.

எண்பத்து மூன்றும் ஆண்கள்.

அக்காலத்தில் பெண்கள் இந்தக் கிளப்பில் உறுப்பினராக முடியாது. எவனாவது ஒருவன் கையெழுத்திட்டு அழைத்து வர வேண்டும். அது எனக்குத் தெரியாததன்று. எப்படி எழுதினார்கள் என்பதைத்தான் இன்று கண்டேன். "உடன் மனைவி." "உடன் ஒருத்தி." "மனைவி, மனைவியின் தங்கை." "மாமியார் (மன்னிக்கவும்)." பெண்களைக் கூட்டினேன்: முப்பத்தெட்டு. ஒருத்திக்கும் பெயரில்லை. மூன்றாம் பக்கத்தில் ஒருவர் "உடன் பிரின்ஸ்" என்று தெளிவாக எழுதியிருக்கிறார். பிரின்ஸ் அவருடைய நாய்.

அழைத்து வந்த ஆண்களின் பெயரை வைத்து ஒத்துப் பார்த்தேன்: அந்த முப்பத்தெட்டுப் பேரில் பதினொருவர் எனக்கு எழுதியிருந்தார்கள். பதினொருவருக்கும் 'கற்பனை வளம் பாராட்டுக்குரியது' என்று எழுதியவள் நான். நாய்க்கு மட்டும் என் விதிப்படி இடமுண்டு.

இரண்டாம் பக்கத்தின் அடியில், வலப்புறம் சாய்ந்த கோணல் எழுத்து: "ஐவர் பார்ஃபிட். உடன் இரு பெண்கள்."

ஒருத்தி அவர் மகள்.

அக்டோபர் 26, வியாழன்

இரண்டு நாட்களாக ஒரு கேள்வி. எழுதிவிடுகிறேன்.

என் கட்டுரையில் கன்னங்கள் நனைந்தன என்றேன். நனைந்தது உண்மை, இன்றும் அக்குளிர் நினைவிருக்கிறது. கழுத்துக்குள் இறங்கியதும் நினைவிருக்கிறது. கண்ணீர் கழுத்துக்குள் இறங்குமா? இத்தனை சில்லென்று இருக்குமா?

மேல்மாடிக் கூடத்தில், நூற்றிருபது பேர் மூச்சுக்காற்றில், என் முகத்தில் எப்படி மழை பெய்தது?

டிலிஸின் கடிதத்தில் படிக்காமல் விட்ட அரைப்பக்கத்தை எடுத்துப் படித்தேன்.

"உருண்டைக்காக நின்னதுல பேருந்தும் போச்சு. அப்பா குடிச்சுக்கிட்டு அங்கயே தங்கிட்டார். நாங்க ரெண்டு பேரும் மழைல நடந்தோம். பாட்டைக் கேக்காம போயிட்டேனேன்னு அவ ஒரே அழுகை. ஒரு தடவதான் கேட்டிருந்தேன், ஆனாலும் முழுசாப் பாடிக் காமிச்சேன். வார்த்தை மறந்த எடத்துல நானே போட்டுக்கிட்டேன். சுரங்கப் பாலத்துக்கிட்ட அவ நின்னுட்டா. இன்னொரு தடவ பாடுன்னா. பாடினேன். அது அவங்க பாடுனதவிட நல்லா இருந்துச்சுன்னு சொன்னா. அதான் எனக்கு ஞாபகம்."

எனக்கும் அதுதான் ஞாபகம். பாடகருடைய முகத்தை மட்டும் பின்னால் எங்கேயோ சுவரொட்டியிலிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறேன். இறைச்சிக் கடைக்காரரைப் பார்த்துச் சிரித்தேனே. அவருக்காவது வீட்டில் திருத்த ஓர் ஆள் இருந்தார்.

அக்டோபர் 27, வெள்ளி

என் கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். அரைப்புள்ளிகள் அனைத்தும் சரியாகவே இருந்தன.

அக்டோபர் 30, திங்கள்

மன்றக் கூட்டம். விதியைத் திருத்த முன்மொழிந்தேன்: பெயரின்றி எழுதப்பட்ட பெண்களுக்கு, அன்று அருகில் நின்ற ஒருவர் சாட்சி சொன்னால் போதும். பதினொரு பெண்களுக்கும் மன்னிப்புக் கடிதம் எழுத ஒப்புக்கொண்டேன். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. எல்வெட் மட்டும், "வெந்நீர் ஒத்தடத்துக்கு எம் பொண்டாட்டி சாட்சி, அதை எங்க போடறது?" என்று கேட்டார்.

எல்லோரும் சிரித்து ஓய்ந்தபின் ஹெவின் மெதுவாகக் கேட்டார்: "உனக்கு யாரு சாட்சி சொல்லுவா, மைர்?"

தீர்மானப் புத்தகத்தில் அந்தக் கேள்வியைப் பதிவு செய்யவில்லை. முதல் முறையாக ஒன்றைப் பதிவு செய்யாமல் விட்டேன்.

நவம்பர் 1, புதன்

பத்துக் கடிதங்கள் அனுப்பியாகிவிட்டன. பதினொன்றாவதற்கு நான்கு முறை தாள் கிழித்தேன். முதல் மூன்றும் 'மதிப்பிற்குரிய திருமதி' என்று தொடங்கின. அனுப்பியதன் நகல் இது.

டிலிஸ்,

வணக்கம். மிகவும் தாமதமாக எழுதுகிறேன், மன்னிக்க வேண்டும். மூன்று வாரத் தாமதத்துக்கு அன்று, பதினோராண்டுத் தாமதத்துக்கு.

உன் கட்டுரை நூலில் முதலாவதாக வருகிறது. ஒரு காற்புள்ளியையும் தொடவில்லை. மன்றத்தின் புதிய விதிப்படி, நீ கூடத்தில் இருந்தாய் என்று நான் சாட்சிக் கையெழுத்திட்டிருக்கிறேன். உருண்டைத் தட்டை உன் கையில் கொடுத்தவள் என்ற முறையில்.

உன் அப்பா அன்று வாசற்புத்தகத்தில் "உடன் இரு பெண்கள்" என்று எழுதியிருக்கிறார். இரண்டாமவள் யாரென்று சொல்ல உயிரோடு இருப்பவள் நீ ஒருத்திதான். கூடத்தில் பாட்டைக் கேட்டேன் என்று நீ எழுத வேண்டாம், கேட்கவில்லை. வரிசையில் நின்றவள் நான்தான், பாலத்தில் நின்றவளும் நான்தான் என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடு.

இன்னொன்று. வார்த்தை மறந்த இடத்தில் நீயே போட்டுக்கொண்டதாக எழுதியிருக்கிறாய். இத்தனை ஆண்டாக நான் பாடிவருவது அந்த வார்த்தைகளைத்தான் என்று நினைக்கிறேன். இசைத்தட்டில் அவை இல்லை. இசைத்தட்டில்தான் தவறு என்று பலரிடம் வாதாடியிருக்கிறேன். என்ன வார்த்தைகள் என்று எழுது.

நூல் பதினைந்தாம் தேதி அச்சுக்குப் போகிறது. சீக்கிரம் பதில் போடு.

மைர்