சலூன் நாற்காலியில் கேட்டது

அன்பு மகளுக்கு அப்பா எழுதுறது. அம்மாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்ல, நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே சௌக்கியமா இருக்கணும். குட்டிக்குப் பல்லு முளைச்சதை அம்மா தெரு பூரா சொல்லியாச்சு, என்னைத் தவிர. என்கிட்ட நாலு நாளா பேச்சில்ல, சாப்பாட்டுத் தட்டை டொக்குனு வச்சிட்டுப் போயிடறா. காரணம் இருக்கு. போன்ல நீ கேட்டப்போ நான் பொய் சொன்னேன்மா. காண்ட்ராக்டர் மேல வந்திருக்கிற புகார் உங்களுக்கு முன்னாடியே தெரியுமாப்பான்னு கேட்டே, சத்தியமா தெரியாதுன்னேன். தெரியும். வாயால சொல்ல நாக்கு எழல, அதான் எழுதறேன்.

தேர்தல்ல நிக்கிற அந்தக் காண்ட்ராக்டர் இருபது வருஷமா நம்ம சலூன்லதான் ஷேவிங், உனக்கே தெரியும். மூணு மாசம் முன்னாடி முகம் பூரா நுரையோட உக்காந்துக்கிட்டு தன் மேனேஜர்கிட்ட போன்ல பேசினார். ஆபீஸ்ல டைப் அடிக்கிற பொண்ணு, அதான் நம்ம எதிர்க்கடை டெய்லரோட மக, அவர் தன் கையைப் பிடிச்சு இழுத்ததை வெளியே சொல்லிடுவேங்குதாம், வேலைய விட்டுத் தூக்கு, வாயைத் திறந்தா திருடின்னு பட்டம் கட்டிடலாம்னார். என் கையில கத்தி, அவர் கழுத்துகிட்ட. ஒரு கீறல்கூட விழாம வழிச்சு முடிச்சேன், அதை நினைச்சாத்தான் இப்ப அசிங்கமா இருக்கு. நாற்காலியில கேட்டது நாற்காலியோட போகணும், நம்ம தொழில்ல அது எழுதாத சட்டம்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். வாயை மூடிக்கிட்டிருந்தாலாவது பரவாயில்ல. அடுத்த மாசமே சலூன்காரங்க சங்கத்துக்குச் சொந்தக் கட்டடம் கட்டித் தர்றேன்னார், சங்கத் தலைவர் நீங்கதான் பேசணும்னார், மேடையில மாலை போட்டு அண்ணேன்னார், எனக்குத் தலைகால் புரியல. இருபது வருஷமா இவர் கழுத்துல கத்தி வச்சவன் சொல்றேன், தங்கமான மனுஷன்னு மைக்ல முழங்கிட்டேன். கைதட்டல் வேற.

போன மாசம் அந்தப் பொண்ணு துணிஞ்சு பேப்பர்காரங்ககிட்ட சொல்லிடுச்சு. டிரைவர் சங்கம் ஆதரவை வாபஸ் வாங்கிச்சு, எதிர்க்கட்சி ஆளுதான் ஜெயிப்பார்னு பேச்சு. உடனே காண்ட்ராக்டர் ஆளுங்க என் படத்தையும் பேச்சையும் போட்டு வீடு வீடா நோட்டீஸ் குடுத்தாங்க. சலூன்காரரே சொல்றாருன்னு ஜனம் திரும்பவும் அந்தப் பக்கம் சாயுது, பொண்ணைத் திருடின்னு தெருவுல ஏசுறாங்க. டெய்லர் நம்ம கடைக்கு வந்து நின்னுக்கிட்டே, உங்களுக்குத்தான் அவரை நல்லாத் தெரியுமே, என் பொண்ணு பொய் சொல்றாளான்னு கேட்டார். எனக்கென்னப்பா தெரியும்னுட்டு சீப்பைக் கழுவப் போயிட்டேன். அன்னிக்கு ராத்திரி அம்மாகிட்ட மட்டும் உண்மையைச் சொன்னேன், அதைக் கேட்டுத்தான் பேச்சை நிறுத்தினா.

நேத்து காலையில கடையைத் திறக்காம டெய்லர் வீட்டுக்குப் போய் எல்லாத்தையும் சொன்னேன். டெய்லர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார், என்னவோ அவர் தப்புப் பண்ணின மாதிரி. பொண்ணு மட்டும், எப்பக் கேட்டீங்க மாமான்னுச்சு. சொன்னேன். அப்ப மேடை ஏறுறதுக்கு முன்னாடியேவான்னுச்சு. ஆமாம்மான்னேன். இதைப் பேப்பர்லயும் சொல்வீங்களான்னுச்சு. சொல்றேன்னேன். சரின்னு உள்ளே போயிடுச்சு, உக்காருங்கன்னு யாரும் சொல்லல. நாளைக்குச் சங்கக் கூட்டம், பேப்பர்காரங்களையும் வரச் சொல்லிட்டேன், ஓட்டுப் போட இன்னும் ஆறு நாள் இருக்கு. கட்டடம் போச்சேன்னு நம்ம ஆளுங்களே அடிக்க வந்தாலும் வரலாம், வரட்டும். இந்தக் கடிதம் உன் கைக்கு வர்றதுக்குள்ள ஜெயிச்சது யாருன்னு தெரிஞ்சிருக்கும். எப்படி ஆனாலும் அந்தப் பொண்ணு சொன்னது நிஜம்.

மாப்பிள்ளைகிட்ட நீயே சொல்லிடு, அடுத்தவங்க வாயால தெரிய வேண்டாம். வேலை வேலைன்னு வெறும் வயித்தோட ஓடாதே. ஆசீர்வாதம் பண்ற யோக்கியதை எனக்கு இருக்கான்னு தெரியல, ஆனாலும் நீங்க மூணு பேரும் நல்லா இருக்கணும், நிமிர்ந்து நடக்கணும். ஞாயித்துக்கிழமை அம்மாவுக்குப் போன் பண்ண மறந்துடாதே. பேசணும்னு உனக்குத் தோணினா மட்டும் போனை என்கிட்ட குடுக்கச் சொல்லு.

இப்படிக்கு,
உன் அப்பா