பன்னிரண்டு ஆள் உயரம்

இன்று காலை ட்ரோன் பையைத் திறந்தபோது பக்கப்பையில் ஓர் ஈர்க்கில் அகப்பட்டது. நீ விளக்குமாற்றிலிருந்து உருவி, ஒரு சாண் அளவுக்கு முறித்து வைத்தது. உன் நகம் பதிந்த தடம் அதில் இன்னும் இருக்கிறது. உன் சாமான்களைப் பார்த்தெல்லாம் அழுது முடித்தாயிற்று என்று நினைத்திருந்தேன். இந்தக் குச்சி என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டது.

கலியாண வீடுகளில் படம் எடுக்க நாம் இறங்கிய காலத்திலேயே வேலையைப் பிரித்துக்கொண்டோம். திரையைப் பார்ப்பது நான், வானத்தைப் பார்ப்பது நீ. ஆனால் ட்ரோனை வெளியே எடுக்கும் முன்பே உன் அட்டகாசம் தொடங்கிவிடும். அந்த வீட்டு வளவில் எது உயரமோ அதன் அடியில் என்னைக் கொண்டுபோய் நிறுத்துவாய். தூரப் போய், கையை நீட்டி ஈர்க்கிலைப் பிடித்து, என் கால் முதல் தலை வரை நகத்தால் அடையாளம் வைப்பாய். பிறகு அந்த அளவை ஒன்றின்மேல் ஒன்றாக உச்சிவரை ஏற்றி எண்ணுவாய்.

"இஞ்சேருங்க, இந்தத் தென்ன பத்து நீங்க!"

காத்தான்குடியில் ஒரு மாப்பிள்ளை வீட்டார் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. மேலே அனுப்பித் திரையில் பார்த்தால் உயரம் தெரிந்துவிடுமே என்றேன். "அளக்காம எப்பிடி மேல அனுப்புற?" என்றாய். மட்டக்களப்பில் பாதியை என்னைக் கொண்டே அளந்து முடித்தவள் நீ.

நம்முடையது பழைய ட்ரோன். தொடர்பு அறுந்தால் நாம் முன்கூட்டிச் சொல்லி வைத்த உயரத்துக்கு எழும்பி, நேர்கோட்டில் திரும்பி வரும். குறுக்கே என்ன நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. அந்த உயரத்தைச் சொல்வது உன் பொறுப்பு. நீ ஆள்கணக்கில் சொல்வாய், நான் என் உயரத்தால் பெருக்கி ரிமோட்டில் போடுவேன். எப்போதும் "அதுக்கு மேல ரெண்டாள் கூட்டிப் போடுங்க" என்பாய். ஓராள் போதாதா என்று ஒருநாள் கேட்டேன். "தனியா ஓராள அவ்வளவு உயரத்துக்கு அனுப்பேலுமா?" என்றாய்.

இன்னொன்றும் ஓயாமல் சொல்வாய். "நிமிந்து நில்லுங்க. நீங்க கூனினா மரம் உயந்திரும்." சரிதான். அளவுகோல் குட்டையானால் எண்ணிக்கை கூடத்தானே செய்யும்.

ஆஸ்பத்திரி மேல்மாடியில் உன் கட்டில் ஜன்னலோரம் இருந்தது. வெளியே ஒரு தென்னை. "போய் அடியில நில்லுங்க பாப்பம்" என்றாய். நோயாளிகளைப் பார்க்க வந்த சனமெல்லாம் பார்த்திருக்க, நான் போய் நின்றேன். உன் ஜன்னல் எதுவென்று கீழேயிருந்து தெரியவில்லை. எல்லா ஜன்னலையும் பார்த்தபடி நின்றேன். திரும்பி வந்தபோது நீ தலையணையில் சாய்ந்திருந்தாய். கையில் ஈர்க்கில் இல்லை, விரலால் அளந்திருக்கிறாய். "நீங்க கூனிட்டீங்க. மரம் உயந்து போச்சு." அதற்குப் பிறகு நீ எதையும் அளக்கவில்லை.

நீ போன பிறகு நான் பையைத் தொடவில்லை. இந்தத் தொழிலைச் செய்யவும் முடியவில்லை, வேறு தொழிலும் தெரியவில்லை. முற்றத்தில் நின்று அண்ணாந்தால் தென்னை, கரண்ட் கம்பி, டவர். கிணற்றுக்குள் இருந்து பார்ப்பதுபோல ஒரு துண்டு வானம். முன்பும் இவை இங்கேதான் நின்றன, ஆனால் நடுவில் வழி தெரிந்தது. வாவிக்கரையில் மரமுமில்லை கம்பியுமில்லை, அங்கே போய் நின்றாலும் அதே துண்டு வானம்தான். அளந்து பார்க்கலாமென்றால் மரத்தடியிலும் நானே நிற்க வேண்டும், தூரத்திலும் நானே நிற்க வேண்டும். அது எப்படி ஆகும்?

போன கிழமை உன் அக்கா வந்தாள். மகளுக்குக் கலியாணம், தேற்றாத்தீவில் வீட்டிலேயே.

"மச்சான், அவள் தூக்கி வளத்த புள்ள. நீங்கதான் படம் எடுக்கணும்."

வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த்தாங்கி, வாசலில் ஒழுங்கை முழுக்கக் கரண்ட் கம்பி, பந்தலடியில் அவ்வளவு சனம். "ஆருக்கும் தலையில விழுந்தா என்ன செய்யிற மச்சாள்?" என்றேன்.

"அப்ப விழாம எடுங்க."

உன் இரத்தம் அல்லவா? மறுக்க வழியில்லாமல் ஒப்புக்கொண்டு, இன்று காலைதான் பையை எடுத்தேன். ஈர்க்கில் அகப்பட்டது அப்படித்தான்.

நாளைக்குக் கலியாணம். இன்று மத்தியானமே தேற்றாத்தீவுக்குப் போய் உன் அக்காவின் கையில் ஈர்க்கிலைக் கொடுத்து, எண்ணும் விதத்தைச் சொல்லிவிட்டு, தாங்கியின் அடியில் போய் நின்றேன். அந்தப் பிள்ளை பெரியபிள்ளையான சடங்குக்கு நாம் படம் எடுத்தபோது நீ அளந்த தாங்கி. பன்னிரண்டு நான். எனக்கு மறக்கவில்லை.

"பதினாலு!" என்றாள் உன் அக்கா.

"பிழையா எண்ணிட்டீங்க மச்சாள்."

"எனக்கு எண்ணத் தெரியாதா? ரெண்டுதரம் எண்ணிப்போட்டன்."

மரமென்றால் வளர்ந்தது என்று சொல்லித் தப்பலாம். கொங்கிறீட் தாங்கி எப்படி வளரும்? தலை கவிழ்ந்து, தோள் தொங்க, நான் நின்ற கோலம் அப்போதுதான் எனக்கே தெரிந்தது. பந்தல் போட வந்த அத்தனை சனத்துக்கு நடுவே அழுகை வந்தது. தாங்கியின் காலில் முதுகை ஒட்டவைத்து, முடிந்தமட்டும் நிமிர்ந்தேன். முதுகு நொந்தது.

"இன்னொருக்கா எண்ணுங்க மச்சாள்."

அவள் ஒற்றைக் கண்ணை மூடி, உன்னைப் போலவே வாய்க்குள் முணுமுணுத்து எண்ணினாள்.

"பதின்மூண்டு."

பன்னிரண்டுக்கு இன்னும் வந்து சேரவில்லை. இனி வருவேனோ என்றும் தெரியவில்லை. ஈர்க்கிலை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ரிமோட்டில் பதின்மூன்றே போட்டு, அதற்கு மேல் இரண்டாள் கூட்டினேன். தனியா ஓராள அனுப்பேலாதே.