பாத்திரத்தில் உன் பக்கம்

இன்று திருவிருந்து ஞாயிறு. நம் கட்கி கோயிலில் இப்போதெல்லாம் ஒரே பாத்திரம் எல்லோருக்கும் வருவதில்லை. சுண்டுவிரல் நுழையாத குட்டிக் கப்புகளைத் தட்டில் அடுக்கிக் கொண்டுவருகிறார்கள். எடுத்தோமா, கவிழ்த்தோமா, போனோமா என்று ஆகிவிட்டது. இருமல் மருந்து குடிக்கக்கூட இதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்வோம். கப்பை வாயருகே கொண்டுபோனேன். திராட்சை ரசத்தின் அந்தப் புளிப்பு வாடை மூக்கில் ஏறியது. அதற்கு மேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. கடைசி ஜெபம் முடியுமுன்னே எழுந்து வெளியே வந்து ஸ்கூட்டர்களுக்கு நடுவில் நின்றேன். மருமகள் பின்னாலேயே ஓடி வந்து, “என்னத்தை, தலை சுத்துதா?” என்றாள். அவளிடம் என்ன சொல்ல?

வீட்டுக்கு வந்தும் இருப்புக்கொள்ளவில்லை. அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு இரண்டு முறை வாசலுக்குப் போய்வந்தேன். சரி, உனக்கு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். நீ படிக்கப்போவதில்லை, தெரியும். உயிரோடு இருந்தபோதே என் கையெழுத்தைப் பார்த்து, “இது என்னட்டி, கோழி நடந்த மாதிரி” என்பாய்.

எல்லாம் அந்த பயாலஜியால் வந்தது. எழுபதுகளின் கடைசியில், கேம்ப் பகுதியில் இருந்த நம் கல்லூரியில் பி.ஏ. முதலாண்டுப் பிள்ளைகளும் அறிவியலில் ஒரு தாள் எழுதியாக வேண்டும் என்றார்கள். வரலாறு படிக்க வந்தவர்களுக்குத் தவளையோடு என்ன வேலை என்று நான் பஸ்ஸில் கட்கி வரும்வரை பொருமிக்கொண்டு வருவேன். நீ ஜன்னலோரம் உட்கார்ந்து பாடப்புத்தகத்தில் இதயத்துக்குச் சிவப்பு மையால் வண்ணம் தீட்டிக்கொண்டிருப்பாய். நம் இருவருடைய அப்பாக்களும் வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஒரே ஷிப்ட். நம் குடும்பங்கள் திருநெல்வேலிப் பேச்சை விடாமல் இந்த மராத்தி மண்ணில், கட்கியில் வைத்துக் காப்பாற்றியவை. பிறந்ததிலிருந்து சேர்ந்தே இருந்தும் நம் இருவருக்கும் ஒரு விஷயத்திலும் ஒத்துப்போனதில்லை.

அந்த மைக்ராஸ்கோப் நாள் நினைவிருக்கிறதா? சயன்ஸ் பிள்ளைகளிடமிருந்து இரவல் வாங்கிய ஒன்றே ஒன்று. ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, நாம் எல்லோரும் வரிசையில் நின்று எட்டிப் பார்த்தோம். மேடம் உன்னைத்தான் கூப்பிட்டு, பல் இடுக்கில் குச்சியால் சுரண்டச் சொல்லி, அதைக் கண்ணாடித் துண்டில் தடவி, நீலச் சாயம் போட்டார். நான் பார்த்தபோது மங்கலாக ஏதோ புள்ளிகள். சட்டென்று நகர்ந்துவிட்டேன். நீயோ கண்ணை எடுக்கவே இல்லை. பின்னால் நின்றவர்கள் “அரே, ஜல்தி கர்” என்று அவசரப்படுத்தி இடித்தார்கள். “பயப்படாதே, இந்தக் கிருமிகள் எல்லோர் வாயிலும் உண்டு” என்றார் மேடம். திரும்பி வரும் வழியெல்லாம் நீ ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தாய்: “நம்மளால தனியா இருக்கவே முடியாது போலட்டி. எப்பவும் ஒரு கூட்டத்தோடதான் இருக்கோம்.” என்னவோ உறவுக்காரர்களைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் உனக்கு.

அடுத்த மாதத் திருவிருந்தில்தான் வினை வந்தது. நாம் பீடத்தின் முன்னால் அழிக்கம்பியை ஒட்டி வரிசையாக முழங்கால்படியிட்டிருந்தோம். அப்பத்தை வாங்கிக்கொண்டாய். போதகர் ஐயா பாத்திரத்தை உன் உதட்டருகே கொண்டுவந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாய். ஐயா ஒரு கணம் நின்றார். பிறகு வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைத்து, வழக்கம்போலப் பாத்திரத்தைக் கொஞ்சம் திருப்பி என்னிடம் நீட்டினார். நான் உன்னையே பார்த்துக்கொண்டு குடித்தேன். நம் சபையில் பாத்திரத்தை ஒருவர் வேண்டாமென்றால் அதற்கு ஒரே பொருள்தான். மனதில் சொல்ல முடியாத ஏதோ பாவம் இருக்கிறது.

தன் மகனுக்கு உன்னைப் பெண் பேசி முடித்திருந்த கசார்வாடி மாமி மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மகனுக்கு அங்கே ஹைவே ஓரத்து ஒர்க்‌ஷாப்பில் வேலை. நல்ல பையன். உனக்கும் அவனைப் பிடித்திருந்தது; அவன் பெயர் வரும்போதெல்லாம் நீ புத்தகத்தைப் புரட்டுவாய். ஆராதனை முடிந்ததும் மாமி உன் அம்மாவிடம் வந்தார். எல்லார் காதிலும் விழும்படி, “என்னத்த மனசுல வச்சிருக்கான்னு கேளுங்க. இல்லாட்டி ஒரு கொமருப்பொண்ணு பாத்திரத்த வேண்டாம்னு சொல்லுவாளா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

நான் கொதித்துப்போனேன். எங்கள் எச்சில் உனக்கு அசிங்கமாகிவிட்டது, மைக்ராஸ்கோப்பைப் பார்த்துவிட்டு மண்டைக்கனம் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். மறுநாள் பஸ்ஸில் உன்னைப் பிடித்தேன். “பெரிய சயின்டிஸ்டு! எங்க வாயில மட்டுந்தான் பூச்சி இருக்கோ?” என்றேன். நீ கைக்குட்டையை மடியில் விரித்துக் காட்டினாய். ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு, இருமித் துடைத்த ரத்தம்.

“ஒங்க எச்சிலுக்கு இல்லட்டி. என் எச்சிலுக்கு. எனக்கப்புறம் நீயில்லா குடிக்க.”

அந்த இருமல் எனக்கும் தெரிந்ததுதான். பாட்டுக்குழுவில் உன்னை ஒட்டி நின்று ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பாடுகிறவள் நான். புகை, பனி என்று நீ சொன்னதை நம்பியிருந்தேன். “ஆஸ்பத்திரிக்குப் போவமா?” என்றேன். “கல்யாணம் முடியட்டும்” என்றாய். ‘டி.பி.’ என்ற வார்த்தையை நாம் இருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் கசார்வாடிக் கல்யாணம் இல்லை; சொல்லாவிட்டால் நீ ஏதோ கெட்டுப்போனவள் என்று ஊர் முடிவுகட்டும், அப்போதும் கசார்வாடி இல்லை. எந்தப் பக்கம் போனாலும் சுவர்.

அந்த மாதம் முழுக்க நான் பட்ட அவஸ்தை உனக்குத் தெரியாது. யார் வீட்டுக் கதவு தட்டப்பட்டாலும் உன் வீட்டு விஷயமோ என்று எழுந்து ஓடுவேன். மாமி வீட்டிலிருந்து ஐயாவிடம் ஆள் வந்துபோனது. அடுத்த திருவிருந்தில் நீ பாத்திரம் எடுத்தால்தான் கல்யாண அறிவிப்பைக் கோயிலில் வாசிக்கச் சம்மதமாம். “சும்மா உதட்டுல ஒத்திட்டுக் குடுத்துரேன், சனியன், யாருக்குத் தெரியப்போவுது?” என்று கெஞ்சினேன். உனக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றுதான். “எனக்குத் தெரியும்லா” என்றாய். “நான் பாத்துட்டேன்லா.”

பிறகு நீயே ஒரு வழி கண்டுபிடித்து, துள்ளிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாய். கடைசி வரிசையில் கடைசி ஆளாகப் போய்விடுவது. உனக்குப் பின்னால் குடிக்க ஆளே இருக்காது; மாமியும் பார்த்துவிடுவார். இவ்வளவு சுலபமா என்று இரண்டு பேரும் சிரித்தோம். அடி மடச்சிகளா! பிறந்ததிலிருந்து பார்த்துவந்த ஒன்று நம் இருவருக்கும் தோன்றவே இல்லை.

அந்த ஞாயிறு எல்லாம் நீ நினைத்தபடியே நடந்தது. கடைசியாக நீ குடித்தாய். மாமியின் முகம் தெளிந்ததை நான் திரும்பிப் பார்த்தேன். ஐயா பாத்திரத்தோடு பீடத்துக்குத் திரும்பினார். மீந்த ரசம் ஒரு சொட்டுகூட வீணாகக் கூடாது. அதைப் போதகர்தான் குடித்து முடிக்க வேண்டும். அவர் பாத்திரத்தைத் தூக்கினார். அப்போதுதான் உனக்கு உறைத்தது. நீ இன்னும் அழிக்கம்பியைப் பிடித்தபடியே இருந்தாய்.

“குடிக்காதீங்கய்யா! எனக்கு ரத்தம் வருது. இருமுனா ரத்தம் வருதுய்யா!”

ஆர்மோனியம் நின்றுவிட்டது. உன் குரல் கோயில் முழுக்கக் கேட்டது. உன் அம்மா தலையில் கைவைத்ததைப் பார்த்தேன். ஐயா உன்னைப் பார்த்தார். பாத்திரத்தைப் பார்த்தார். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் குடித்து முடித்து, தண்ணீர் ஊற்றி அலசி, அதையும் குடித்தார். துணியை மடித்து வைத்துவிட்டு அழிக்கம்பியருகே வந்து குனிந்தார். “காலைல ரெடியா இரும்மா. ஆஸ்பத்திரிக்குப் போவோம்” என்று சொன்னார்.

சோதனையில் அதுதான் என்று தெரிந்தது. வாரம் முடியுமுன் கசார்வாடியிலிருந்து நிச்சயப் புடவையைத் திருப்பிக் கேட்டு ஆள் வந்தது. மடிப்புக் கலையாமல் எடுத்துக் கொடுத்தவள் நீ. நான்தான் வாசலில் நின்று கண்டபடி கத்தினேன். ஊருக்கு வெளியே நெஞ்சு நோய் ஆஸ்பத்திரி, ஊசி, கை நிறைய மாத்திரை. உன்னைப் பார்க்க வந்தால் ஜன்னலுக்கு வெளியில்தான் நிற்கவிடுவார்கள். அங்கேயிருந்து நீ கத்துவாய்: “நான் தனியா இல்லட்டி, பெரிய கூட்டம் இருக்கு உள்ள!” சிரிப்பாய். பஸ்ஸில் ஏறிய பிறகு நான் அழுவேன்.

குணமாகிக் கல்லூரிக்குத் திரும்பிய அன்று மேடத்திடம் பாத்திரக் கதையைச் சொன்னாய். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். இது பாத்திரத்தால் பரவுவது அல்ல, மூடிய அறையில் இருமினால், பாடினால், காற்றில்தான் வரும் என்றார். அந்தப் பாடம் அடுத்த டெர்மில் இருந்தது. பாதிப் பாடத்தை வைத்துக்கொண்டு நாம் ஒரு கல்யாணத்தையே நிறுத்தியிருக்கிறோம்! “அப்ப பாட்டையில்லா நான் நிறுத்திருக்கணும்” என்று நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நான் என் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். எக்ஸ்ரே எடுத்தார்கள், எனக்கு ஒன்றும் இல்லை.

அதன் பிறகு வந்த திருவிருந்து. உன்னோடு பேசினார்கள், நலம் விசாரித்தார்கள், எல்லாம் சரி. நீ எழுந்து போய் முழங்கால்படியிட்டாய். உன் பக்கத்தில் இடம் காலியாகவே இருந்தது. வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் திடீரென்று செருப்பையும் பாட்டுப் புத்தகத்தையும் தேட வேண்டியிருந்தது. பயாலஜியில் பாஸ் செய்தவள் நான். குணமானவர்களிடமிருந்து ஒட்டாது என்று பரீட்சையில் எழுதியவள். இருந்தும் என் கால் பெஞ்சடியிலேயே நின்றது. பயம்தான். உன் முதுகைப் பார்த்தேன். நீ திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால்கூட நான் வந்திருக்க மாட்டேனோ என்னவோ. அந்த முதுகை என்னால் தாங்க முடியவில்லை. ஓட்டமும் நடையுமாக வந்து உன் பக்கத்தில் விழுந்தேன்.

நீ குடித்தாய். ஐயா துடைத்து, திருப்பி, என்னிடம் நீட்டினார். நான் பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பழையபடி உன் பக்கத்துக்கே திருப்பி, அங்கே வாய்வைத்துக் குடித்தேன். சபை முழுக்கப் பார்த்தது. நீ ஓரக்கண்ணால் பார்த்து, உதட்டை அசைக்காமல், “கிறுக்கி” என்றாய்.

அதன் பிறகு எத்தனையோ வருஷம் இருந்தாய். கேம்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகி, கல்யாணம் வேண்டாமென்று சொல்லி, என் பிள்ளைகளைச் செல்லம் கொடுத்துக் கெடுத்து, கடைசியில் நெஞ்சால் அல்ல, சாதாரணச் சர்க்கரையால் போனாய். அதில் எனக்கு இன்னும் உன்மேல் கோபம். அவ்வளவு பெரியதை ஜெயித்தவளுக்கு ஜிலேபியை விட முடியவில்லை.

இன்று அந்தக் குட்டிக் கப்பைக் கையில் வாங்கியதும் என் விரல் தானாக அதைத் திருப்பியது. ஒவ்வொரு மாதமும் திருப்புகிறேன். மருமகள் பார்த்துக் கேட்டும்விட்டாள். வயசானால் கை நடுங்கும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். கப்பு நடுங்கவில்லை. ஒரு முழுச் சுற்று சுற்றிவருகிறது. எனக்கு முன்னால் அதில் யாரும் குடித்திருக்கவில்லை. எந்தப் பக்கம் வாயை வைக்க என்று தெரியாமல்தான் இன்று எழுந்து வெளியே வந்துவிட்டேன்.