நீ நனைந்த மழை

என் ஆசை அக்காவுக்கு,

நீ போன பிறகு வந்த சேதிகளில் ஒன்று உனக்கே உனக்கானது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பல்கலைக்கழகத்தில் நிலத்தடி நீரியல் முதுகலை இரண்டாம் வருடம் படிக்கிறேன். பத்தாவதோடு நின்று காப்பி எஸ்டேட்டுக்குப் போனவள் நீ. என்னைக் கல்லூரிக்கு பஸ் ஏற்றிவிட்ட அன்று, "கல்லும் மண்ணும் இங்கயே நொம்பக் கெடக்குதே, அதப் படிக்க எதுக்குடி சேலம் போற?" என்று சிரித்தாய். ஆய்வுக்கு எந்த இடம் என்று பேராசிரியர் கேட்டபோது, நம் வெள்ளக்கடை ஊற்றைத்தான் சொன்னேன்.

பாறையடியில் கசிகிற நீரைக் குப்பியில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினோம். நீருக்கும் வயது உண்டு அக்கா. மழையாக விழுந்து எத்தனை காலம் மண்ணுக்குள் இருந்தது என்று சொல்லிவிடலாம். போன வருடத்து மழையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். முடிவைப் பார்த்த பேராசிரியர், "புதுசும் கொஞ்சம் கலந்திருக்கும்மா. ஆனா பெரும்பங்கு பத்து வருஷத்துக்கு முந்தின மழை" என்றார்.

அப்போது நீ இருந்தாய்! சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, விரல் விறைக்கக் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தாய். உன்மேல் பட்டு மண்ணில் இறங்கிய மழை, பாறையின் மயிரிழை விரிசல்களில் ஊர்ந்து வந்துகொண்டே இருந்திருக்கிறது. நீ காய்ச்சலில் படுத்ததும் தெரியாது அதற்கு, போனதும் தெரியாது.

அந்த வாரமே ஊரில் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடுகிற பேச்சு. கோடையில் ஊற்று மெலிந்துவிட்டது. போர் வேண்டும் என்று எல்லாரையும்விட உறுதியாக நின்றவள் அம்மா. முழங்கால் வலியோடு சரிவில் குடம் சுமக்கிறவள் அல்லவா? எங்கே போடலாம் என்று என்னைக் கேட்டார்கள். போர் வண்டி ஏறி நிற்கத் தோதான ஒரே இடம் ஊற்றுக்கு நேர் மேலே. அங்கே போட்டால் ஊற்றுக்கு வருகிற அதே விரிசல் நீரைத்தான் உறிஞ்சும் என்றேன். நீரின் வயதையும் சொன்னேன்.

"அப்ப இது உங்கக்கா இருக்கையில பேஞ்ச மழையா கண்ணு?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா."

அம்மா எல்லாரையும் பார்த்து, "ஏனுங்க, இத்தன வருசம் நடந்து வந்த தண்ணிய வெடுக்குனு உறிஞ்சிப்போட்டா, மறுக்கா வர எத்தன வருசமாகுமுங்க? நான் சொமந்துக்கறேன். போர் வேண்டாமுங்க" என்றாள்.

போர் நின்றது. டூவீலர் இருக்கிறவர்கள் இப்போதைக்கு அம்மாவின் குடத்தையும் ஏற்றி வந்து தருகிறார்கள். மேல் சரிவில் மழைநீர் தங்கக் குழி வெட்டுகிறோம். அது போதுமா? தெரியவில்லை அக்கா.

நேற்று அங்கே நல்ல மழை. அது ஊற்றுக்கு வந்து சேரும்போது குடத்தோடு யார் நிற்பாள்? அவள் யாராக இருந்தாலும், அவளுக்கு அது கிடைக்கும்படி பார்த்துக்கொள்வேன். உன்மேல் சத்தியம்.

இப்போது உன்னைவிட ஒரு வயது மூத்தவளாகிவிட்ட,
உன் தங்கச்சி.